சுத்தியலும் பிடிலும்

திருப்பூர் என்றவுடன் பலர்க்கும் பின்னலாடையே நினைவிற்கு வருகின்றது. ஆயின், அந்நகரினின்றும் அவிநாசிக்குச் செல்லும் பெருஞ்சாலையில் அமைந்த எம்மூராகிய அனுப்பர்பாளையத்தாரை வினவினால், அவர் முதற்கண் எடுத்துரைப்பது பாத்திரத் தொழிலையே. பித்தளைக் குடமும், செப்புத் தவலையும், எவர்சில்வர் அண்டாவும் எம்மூர்ப் பட்டறைகளிற் பிறந்து பல ஊர் அடுக்களைகளுக்குச் செல்கின்றன. தகட்டை வெட்டி, வளைத்து, ஒட்டி, அடித்து உருவாக்கும் அவ்வேலையில் சுத்தியலோசை ஓய்வதில்லை. யாம் பிறந்தது அவ்வோசையில், தவழ்ந்தது அவ்வோசையில், தமிழ் நெடுங்கணக்கைக் கற்றதும் அவ்வோசையிலேதான். அதனை ஓர் ஓசையென்று யாம் கருதியதேயில்லை. காற்றைப்போல் அஃது எங்கும் இருந்தது.

எமக்கு ஒன்பது வயது நிரம்பியிருந்த காலத்தில் ஒருநாட் காலை அவ்வோசை நின்றுபோயிற்று. கூலி உயர்வு வேண்டிப் பட்டறைத் தொழிலாளர் வேலையை நிறுத்தியிருந்தனர். எந்தையாரும் அவருள் ஒருவர். முதல் வாரம் எமக்குத் திருவிழாப்போல் இருந்தது. தந்தையார் பகலில் வீட்டிலிருந்தாரன்றோ! இரண்டாம் வாரம் அன்னையாரின் கம்மல் அடகுக் கடைக்குச் சென்றது. மூன்றாம் வாரம் மளிகைக் கடையில் எம் வீட்டுக் கணக்கு நோட்டைத் திறக்க மறுத்தனர். அந்த ஞாயிறு ஆராதனையில் காணிக்கைப் பை எம் வரிசைக்கு வந்தபோது, அன்னையார் வெறுங்கையை மூடி அதனுள் விட்டெடுத்ததை யாம் அருகிலிருந்து கண்டோம். அன்றிரவு எந்தையாரை நோக்கி, 'ஏனப்பா வேலைக்குப் போகவில்லை?' என வினவினோம். அவர், 'பேசிப் பார்த்தோம் கண்ணு, ஆருக்கும் காது கேக்கலை. இப்பச் சுத்தி பேசாம இருக்குது. அது கேக்கும்' என்றார். அம்மொழியின் பொருள் அன்று எமக்கு விளங்கவில்லை.

நிற்க. 2025ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில் எம் கல்லூரித் தமிழ் மன்றத்தில் ஒரு சொற்போர் நிகழ்ந்தது. காசாவின் துயர் கருதி இசைவாணர் இஸ்ரேல் நாட்டு மேடைகளைப் பகிஷ்கரித்தல் தகுமா என்பது பொருள். தகாது எனப் பேசும் அணியில் எம்மை அமர்த்தினர். யாமும் சொல்வன்மை காட்டத் தவறினோமில்லை. இசைக்கு எல்லைக்கோடு இல்லையென்றும், பகைவரையும் உருக்குவது பண் என்றும், பாடுவோன் பாடாதிருத்தல் மேகம் பெய்யாதிருத்தலை ஒக்கும் என்றும் அடுக்கிக்கொண்டே சென்றோம். அவையினர் கைதட்டினர். நடுவராயிருந்த ஆசிரியப் பெருந்தகையார் எமக்கு ஒரு நூலைப் பரிசாக ஈந்தார்.

தீபாவளி விடுமுறையில் ஊர் சென்றபோது பரிசு நூலோடு பட்டறைக்கே ஓடினோம். எந்தையார் ஒரு குடத்தின் கழுத்தை அடித்து ஒழுங்கு செய்துகொண்டிருந்தார். யாம் பேசிய பேச்சு முழுவதையும் மீண்டும் அவர்க்குப் பேசிக் காட்டினோம். அவர் தலை நிமிராமலே, 'பாடறவங்களுக்குப் பாட்டுத்தானே கண்ணு வேலை?' என்றார். 'ஆம்' என்றோம். 'வேலைன்னா நிறுத்தறதுக்கும் அவங்களுக்கு உரிமை இருக்கோணுமல்ல?' என்றார். மன்றத்தில் எதிரணியார் மூவருக்கும் விடை கூறிய எம் நா அவ்வொரு வினாவிற்கு விடையின்றி மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. பத்தாண்டுகட்கு முன்னர் அன்னையாரின் வெறுங்கை காணிக்கைப் பையினுள் சென்று மீண்டதும் அப்பொழுதே எம் கண்முன் வந்தது. மேகத்திற்கு வீடு இல்லை. அடகு வைக்கக் கம்மல் இல்லை. பாடுவோனுக்கும் கம்மியனுக்கும் அவையெல்லாம் உண்டு. யாம் கூறிய உவமை பொருந்தாவுவமை என்பதனை அன்றே உணர்ந்தோம்.

அதன்பின், இசைவாணர் பலர் கூடி ஓரிடத்திற் பாட மறுத்த வரலாறுகளைத் தேடிப் படிக்கலானோம். அவற்றுள் எம் உள்ளத்தைக் கவர்ந்தது 1985ஆம் ஆண்டு அமெரிக்காவில் வெளியான ஒரு கூட்டு இசைத்தட்டின் வரலாறாகும். அதன் பெயர் 'சன் சிட்டி'.

தென்னாப்பிரிக்க வெள்ளையர் அரசு கறுப்பின மக்களை அவர்தம் நாட்டிலேயே அயலாராக்கும் பொருட்டுச் சில நிலப்பகுதிகளைப் பிரித்து, அவை தனி நாடுகள் எனப் பறைசாற்றியது. அவற்றுள் ஒன்றாகிய போபுத்தட்சுவானா 1977ஆம் ஆண்டு விடுதலை பெற்றதாக அறிவிக்கப்பட்டது. உலக நாடுகள் அதனை ஏற்கவில்லை. அங்கே 1979ஆம் ஆண்டு எழுந்த கேளிக்கை நகரமே சன் சிட்டி. சூதாட்ட மனைகளும் பெரிய அரங்கமும் அமைந்த அவ்விடத்தில் வந்து பாடுவார்க்குப் பெரும்பொருள் அளிக்கப்பட்டது. பிராங்க் சினாட்ரா 1981ஆம் ஆண்டிலும், குவீன் என்னும் இசைக்குழுவினர் 1984ஆம் ஆண்டிலும் அங்குப் பாடினர். புகழ்பெற்றோர் வந்து பாடப் பாட, அவ்வரங்கம் பொய்ந்நாட்டை மெய்ந்நாடாகக் காட்டிற்று.

தென்னாப்பிரிக்காவோடு பண்பாட்டுத் தொடர்புகளை நிறுத்துமாறு ஐக்கிய நாடுகளின் பொதுச்சபை 1968ஆம் ஆண்டிலேயே உலகை வேண்டியிருந்தது. அதற்கு முன்னரே அந்நாட்டுப் பொருள்களைப் பகிஷ்கரிக்குமாறு 1959ஆம் ஆண்டில் உலகினரை வேண்டியவர் ஆப்பிரிக்கத் தேசியக் காங்கிரசின் தலைவர் ஆல்பர்ட் லுத்துலி ஆவார். அவர் மிஷன் கல்விச்சாலையில் ஆசிரியராயிருந்தவர். 1960ஆம் ஆண்டுக்குரிய நோபல் அமைதிப் பரிசு பெற்றவர். 1938ஆம் ஆண்டு டிசம்பரில் தாம்பரத்தில், சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி வளாகத்தில் நடைபெற்ற அனைத்துலக மிஷனரி மாநாட்டிற்குப் பேராளராய் வந்து, நம் தமிழ் மண்ணை மிதித்துச் சென்றவருமாவார். நம்மையொத்த ஒரு கல்லூரியின் மரநிழலில் நடந்தவரே பின்னாளில் இவ்வேண்டுகோளை விடுத்தார் என்று படித்தபோது, தொலைவிலிருந்த வரலாறு எமக்கு அண்மையில் வந்தது.

அவ்வேண்டுகோளைச் செவிமடுத்தோருள் ஒருவர் அமெரிக்க இசைவாணர் ஸ்டீவன் வான் சாண்ட். அவர் 1984ஆம் ஆண்டில் தென்னாப்பிரிக்கா சென்று நிலைமையை நேரிற் கண்டார். மீண்டு வந்தபின் ஐம்பதின்மருக்கு மேற்பட்ட கலைஞரைத் திரட்டி, 'சன் சிட்டியிற் பாடோம்' என்பதனையே பாட்டாக்கிப் பாடுவித்தார். ராக் இசையினர், ஜாஸ் இசையினர், நகர்ப்புறத்துக் கறுப்பின இளைஞரின் ராப் இசையினர் என, ஒரு மேடையில் ஒருங்கே காண்டற்கரியோர் ஓர் இசைத்தட்டிற் கூடினர். மைல்ஸ் டேவிஸ், பாப் டிலன், புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் ஆகியோர் அவருட் சிலர். அமெரிக்க வானொலி நிலையங்கள் பல அப்பாட்டை ஒலிபரப்பவில்லை. தென்னாப்பிரிக்க அரசு அதனைத் தடை செய்தது. ஆயினும், அவ்விசைத்தட்டினால் பத்து லட்சம் டாலருக்கு மேற்பட்ட தொகை திரண்டு, நிறவெறியை எதிர்ப்பார்க்கும் அதனால் துன்புற்றார்க்கும் சென்றது.

இவ்விசைத்தட்டின் இரண்டாம் பாட்டைக் குறித்துப் படித்தபோது யாம் திடுக்கிட்டோம். ஆங்கில நாட்டுப் பாடகர் பீட்டர் கேப்ரியல் பாடிய அப்பாட்டில் உடன் இசைத்தவர் ஒரு தமிழர்! எல். சங்கர் என்னும் பிடில் வித்துவானே அவர். 1950ஆம் ஆண்டு சென்னையிற் பிறந்து, இளமையை யாழ்ப்பாணத்தில் கழித்தவர். இவர்தம் தந்தையார் வி. லட்சுமிநாராயணா அங்கு இசை கற்பித்து வந்தார், தமையன்மார் எல். வைத்தியநாதனும் எல். சுப்பிரமணியமும் பிடிற்கலையில் பெயர் பெற்றோர். 1958ஆம் ஆண்டு இலங்கையில் தமிழர்க்கெதிராகக் கலவரம் மூண்டபின், அக்குடும்பம் யாழ்ப்பாணத்தை விட்டுச் சென்னைக்கு மீண்டது. பின்னர்ச் சங்கர் அமெரிக்கா சென்றார். சக்தி என்னும் குழுவில் ஜான் மெக்லாகிலின் என்பாரோடு இசைத்துப் புகழெய்தினார். இரண்டு கழுத்தும் பத்துத் தந்தியும் உடைய இரட்டைப் பிடிலை வடிவமைத்து வாசிக்கலானார். சன் சிட்டி இசைத்தட்டில் ஒலிப்பது அவ்விரட்டைப் பிடிலே.

எட்டு வயதில் கலவரத்தின் பொருட்டு வீடு துறந்த சிறுவன், முப்பத்தைந்து வயதில், தம் நாட்டிலேயே வீடிழந்த மக்களின் பொருட்டு வில்லெடுக்கின்றான். இவ்விரு செய்திகளையும் அருகருகே வைத்துக் காணும் தமிழ் மாணவர்க்கு நெஞ்சு நெகிழாதிருக்குமோ? சொற்போரில் யாம் 'இசைக்கு எல்லையில்லை' என்றோம். அஃது உண்மையே. யாழ்ப்பாணத்திற் கற்ற பண், நியூயார்க்கில் பதிவாகி, தென்னாப்பிரிக்கனுக்குத் துணை நின்றது அவ்வெல்லையின்மையினாலன்றோ? பகிஷ்காரம் இசையின் எல்லையின்மைக்கு மாறானது என்றெண்ணியதே எம் பிழை.

பாடாதிருத்தல் மட்டுமே பகிஷ்காரமாயின், அம்மௌனத்தை உலகம் சோம்பலென்றும் அச்சமென்றும் பொருள்கொள்ளக்கூடும். ஓரிடத்திற் பாட மறுத்த பலர் வேறோரிடத்திற் கூடி ஒன்றாய்ப் பாடும்போது, மறுப்பின் காரணம் மக்கள் செவிக்கு எட்டுகின்றது. பாட்டால் வரும் பொருளும் துன்புறுவார் கைக்குச் செல்கின்றது. கூட்டு இசைத்தட்டின் பயன் இதுவே. மறுப்பு ஒரு கையும் கொடை மற்றொரு கையுமாக நிற்கின்றன. நம் முன்னோர்க்கும் இது புதிதன்று. அதியமான் நெடுமானஞ்சி தம்மை நேரிற் காணாமலே அனுப்பிய பரிசிலை ஏற்க மறுத்த பெருஞ்சித்திரனாரைப் புறநானூற்றிற் காண்கின்றோம். வறியராயிருந்தும் அவர் மறுத்தார். மறுத்ததையே பாட்டாகவும் பாடினார். அவர் பாடாது வாளா சென்றிருப்பின் அம்மறுப்பை நாம் எங்ஙனம் அறிவோம்?

இனி, பாலஸ்தீனத்தை நோக்குவோம். அந்நாட்டு அறிஞரும் கலைஞரும் கூடி, இஸ்ரேல் அரசோடு இயைந்து நிற்கும் கல்வி, பண்பாட்டு நிலையங்களைப் பகிஷ்கரிக்க வேண்டுமென 2004ஆம் ஆண்டில் உலகை வேண்டினர். 2005ஆம் ஆண்டு ஜூலை 9ஆம் நாள் பாலஸ்தீனக் குடிமக்கள் அமைப்புகள் 170க்கு மேற்பட்டவை பொதுவான பகிஷ்கார வேண்டுகோளை விடுத்தன. 2009ஆம் ஆண்டு டிசம்பரில் பாலஸ்தீனக் கிறிஸ்தவர்கள் பெத்லகேமிலிருந்து வெளியிட்ட 'கைரோஸ்' என்னும் அறிக்கையும், பகிஷ்காரத்தை வன்முறையற்ற வழியென ஏற்றது. தென்னாப்பிரிக்க வரலாறே அவர்க்கு முன்மாதிரி.

2023ஆம் ஆண்டு அக்டோபர் 7ஆம் நாள் ஹமாஸ் படையினர் இஸ்ரேலினுட் புகுந்து ஏறத்தாழ 1,200 பேரைக் கொன்றனர். 250 பேர் வரை சிறைகொண்டு சென்றனர். கொல்லப்பட்டோருள் 350க்கு மேற்பட்டோர் ஓர் இசைவிழாவிற்கு வந்திருந்தவர்கள். இசையைப் பற்றி எழுதப் புகுந்த யாம் இதனை மறைத்தல் அறமாகாது. அதன்பின் இஸ்ரேல் நடத்திய போரில், 2025 நவம்பர் முடிவிற்குள் 70,000க்கு மேற்பட்டோர் மாண்டனர் எனக் காசாவின் சுகாதார அமைச்சு கணக்கிட்டது. 2023 அக்டோபர் 19ஆம் நாள் காசாவின் பழமை வாய்ந்த தூய போர்பீரியஸ் ஆலய வளாகத்தில் குண்டு வீழ்ந்து, ஆங்கு அடைக்கலம் புகுந்திருந்தோர் இறந்தனர். 2025 ஜூலை 17ஆம் நாள் திருக்குடும்ப ஆலயமும் தாக்குண்டது. எட்வர்டு சயீத் பெயரால் அமைந்த தேசிய இசைக்கல்லூரியின் காசா மாணவர், வீடிழந்து கூடாரங்களில் வாழ்ந்தபோதும் ஆங்கேயே இசை பயின்று வந்தனர்.

இத்துயர் கண்டு உலக இசைவாணரும் வாளாவிருந்தாரல்லர். 2023 அக்டோபர் முடிவில் அரபு நாட்டுப் பாடகர் 25 பேர் கூடி, 'மீண்டு வருவோம்' என்னும் பொருளமைந்த 'ராஜிஈன்' என்ற பாட்டை வெளியிட்டு, அதன் வருவாயைப் பாலஸ்தீனச் சிறார் நலத்திற்கு அளித்தனர். 2025 செப்டம்பர் 17ஆம் நாள் இலண்டன் வெம்பிளி அரங்கில், பிரையன் ஈனோ முதலியோர் முயற்சியால் பாலஸ்தீனத்திற்கெனப் பெரிய இசையரங்கு நடந்தது. அதே வாரத்தில் 400க்கு மேற்பட்ட கலைஞரும் இசைத்தட்டு நிலையத்தாரும் தம் இசை இஸ்ரேலில் ஒலிக்காதவாறு நிறுத்த முற்பட்டனர். கொடையும் மறுப்புமாகிய இரு கைகளையும் ஈண்டும் காண்கின்றோம்.

இதற்கு மறுப்புரைப்பாரும் உளர். அவருரையும் எளிதில் தள்ளத்தக்கதன்று. பாலஸ்தீன அறிஞர் எட்வர்டு சயீதும் யூத இசைமேதை டேனியல் பேரன்போயிமும் 1999ஆம் ஆண்டில் இஸ்ரேலிய இளைஞரையும் அரபு இளைஞரையும் ஒரே வாத்தியக் குழுவில் அமர்த்தினர். பகைவர் இருவர் ஒரே இசையேட்டைப் பார்த்து வாசிப்பதும் ஓர் அரும்பணியன்றோ? மேலும், பால் சைமன் என்னும் அமெரிக்கப் பாடகர் 1985ஆம் ஆண்டில் ஜோகன்னஸ்பர்க் சென்று கறுப்பினக் கலைஞரோடு பாடிப் பதிந்து, அடுத்த ஆண்டு 'கிரேஸ்லாந்து' என்னும் இசைத்தட்டை வெளியிட்டார். பகிஷ்காரத்தை மீறினாரென அவரைப் பலர் பழித்தனர். ஆயின், அவரோடு பாடிய லேடிஸ்மித் பிளாக் மம்பாசோ குழுவினரை உலகம் அறிந்தது அவ்விசைத்தட்டினாலேயே. ஒடுக்குவோனைத் தண்டிக்க எழுந்த வேலி ஒடுக்கப்பட்டவனையும் உள்ளே வைத்துப் பூட்டிவிடலாகும் என்பதற்கு அது சான்று.

பகிஷ்காரத்தின் இவ்விருமுகத்தையும் அறியத் திருப்பூரார்க்கு வெளிநாட்டு வரலாறு வேண்டுவதில்லை. கதர் இயக்கத்தின் தலைவாயில்களுள் ஒன்றாய் விளங்கியது இந்நகர். சென்னிமலை நெசவாளர் குடியிற் பிறந்த குமரன் கொடியேந்திச் சென்று, தடியடிபட்டு, 1932 ஜனவரி 11ஆம் நாள் உயிர் துறந்ததும் இங்கேதான். அந்நிய ஆடையைத் தீயிலிடும் இயக்கம் 1921ஆம் ஆண்டில் எழுந்தபோது, காந்தியடிகளின் உற்ற நண்பரும் கிறிஸ்துவின் அடியவருமாகிய சி. எப். ஆண்ட்ரூஸ் அதனைக் கண்டு மனம் வருந்தினார். பிறர் கையால் நெய்த ஆடையை எரித்தல் அவர்மீது வெறுப்பை மூட்டாதோ என்று அஞ்சி எழுதினார். அடிகள் அம்மடலைத் தம் 'யங் இந்தியா' இதழிலேயே வெளியிட்டு விடையிறுத்தார். அத்தோடமையாது, பத்தாண்டு கழித்து 1931 செப்டம்பரில் இங்கிலாந்து சென்றபோது, ஆலைகள் மூடிக்கிடந்த லங்காஷயருக்கே சென்று, டார்வென் என்னும் ஊரில் தங்கினார். இந்தியப் பகிஷ்காரத்தாலும் வேலையிழந்த அத்தொழிலாளர் அவரை அன்போடு வரவேற்றனர். தம் மறுப்பால் நலிந்தோர் முகத்தை நேரிற் பார்த்து, காரணம் சொல்லி, அவர் துயரையும் கேட்டறியும் நெஞ்சுரம் அவர்க்கு இருந்தது.

இவற்றையெல்லாம் எண்ணிப் பார்க்குங்கால், பகிஷ்காரம் அறமாவதற்கு மூன்று வேண்டும் என்பது எம் துணிபு. துன்புறுவோர் தாமே அதனை வேண்டியிருத்தல் முதலாவது. லுத்துலி வேண்டினார், பெத்லகேம் சபையாரும் வேண்டினர். பிறர்பொருட்டு நாமே முடிவு செய்து அவரைப் பட்டினியிடுதல் உதவியாகாது. மறுப்போன் இழப்பின் பங்கைத் தான் ஏற்றல் இரண்டாவது. சென்னையைச் சேர்ந்த விஜய் அமிர்தராஜ், ஆனந்த் அமிர்தராஜ் சகோதரர் ஆடிய இந்திய அணி 1974ஆம் ஆண்டு டேவிஸ் கோப்பை இறுதியாட்டத்தை எட்டியும், எதிரணி தென்னாப்பிரிக்காவென்பதால் இந்தியா ஆட மறுத்தது. கோப்பை ஆடாமலே கைவிட்டுப் போயிற்று. நம் அண்டை மாநிலத்துக் கண்ணூரில், 2015 முதல் இஸ்ரேல் காவற்படைக்குச் சீருடை தைத்தளித்து வந்த மரியான் அப்பேரல் என்னும் தையலகம், 2023 அக்டோபரில், அமைதி திரும்புமளவும் புதிய கோரிக்கை ஏற்பதில்லை என அறிவித்தது. தையலூசியும் ஒருவகைச் சுத்தியலே! 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியப் பொருள்கட்கு 50 விழுக்காடு வரி விதித்தபோது, ஏற்றுமதி நம்பி வாழும் திருப்பூர் எத்துணை கலங்கியதென்பதைக் கண்டவர்க்கு, கைக்கு வரும் வேலையைத் தாமே மறுத்தலின் அருமை புலனாகும்.

மூன்றாவது, மறுப்பு செயலின்மீதும் அதனைத் தாங்கும் நிலையங்களின்மீதும் செல்லவேண்டுமேயன்றி, ஒருவன் பிறந்த குலத்தின்மீதும் சமயத்தின்மீதும் செல்லலாகாது. 2004ஆம் ஆண்டு வேண்டுகோளும் தனி மனிதரை அவர்தம் பிறப்பு நோக்கி விலக்குமாறு கூறவில்லை. யூதர் எவரையும் வெறுக்கும் சொல்லொன்று நம் வாயிற் புகுமாயின் நம் மறுப்பு அக்கணமே கெட்டது.

இம்மூன்றனையும் யாம் கற்றது ஒரு பழம்பாட்டிலிருந்து என்றால் அன்பர்கள் வியப்பார்கள். 137ஆம் சங்கீதத்தைச் சிறுவயது முதல் பாராமற் சொல்லி வந்தோம். பாபிலோனுக்குச் சிறைபோன மக்களை, சிறைப்பிடித்தவர்களே தங்களை மகிழ்விக்கப் பாடுமாறு கேட்கின்றனர். அம்மக்கள் தம் கின்னரங்களை ஆற்றங்கரை மரங்களில் தொங்கவிட்டுப் பாடாதிருக்கின்றனர். உலகின் இசைப் பகிஷ்காரங்களுள் அஃது எத்துணைத் தொன்மையானது! அதனைச் செய்தோர் இஸ்ரவேல் மக்களே. சிறைப்பிடித்தவனுக்குப் பாடலாகாது என்று உலகிற்குக் கற்பித்தவர்களின் பெயரை ஏற்று 1948ஆம் ஆண்டு எழுந்த அரசு, இன்று அவ்வறத்தைத் தன்மீதே பிறர் நாட்டக் காண்கின்றது. அச்சங்கீதத்தின் ஈற்றடியோ, பகைவரின் குழந்தைகள்மீதே சினம் பாயும் கொடுமை உடையது. எம் சபையில் அதனை உரக்க வாசிப்பார் அரியர். கின்னரத்தைத் தொங்கவிட்ட அதே கை, எச்சரிக்கையாயிராவிடின், எங்குச் சென்று முடியும் என்பதனை அவ்வடி காட்டுகின்றது.

2025 டிசம்பரில் எம்மூர்ச் சபையின் கீதப்பவனிக்குப் பாடகர் குழு ஒத்திகை பார்த்தது. வீடுதோறும் பாடிப் பெறும் காணிக்கையில் ஒரு பங்கைக் காசாவின் சிறார்க்கு அனுப்பலாமென யாம் ஒரு சொல் கூறினோம். சபையின் மூத்தவர் ஒருவர், எம்மை மடியிலிருத்தி ஞாயிறு பள்ளிப் பாடம் சொல்லித் தந்தவர், சினங்கொண்டார். 'இஸ்ரவேல் ஆண்டவரோட ஜனம். அவங்களுக்கு விரோதமாப் பேசற பேச்சு சபைக்குள்ள வேண்டாம் சாமி' என்றார். குழுவினர் அமைதியாயினர். மன்றத்துப் பேச்சாளராகிய எமக்கு விடைகள் பல தோன்றின. ஆயின் அவரோடு சொற்போர் புரிய மனம் வரவில்லை.

கைப்பேசியில் ஒரு படத்தை மட்டும் அவர்க்குக் காட்டினோம். 2023ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் காலத்தில், பெத்லகேமின் லுத்தரன் ஆலயத்தில், போதகர் முந்தர் ஐசக்கும் சபையாரும் அமைத்த மாட்டுக்கொட்டில் அது. வைக்கோலுக்குப் பதிலாக இடிந்த கற்குவியல். அதன் நடுவே குழந்தை இயேசு. அவ்வாண்டும் அடுத்த ஆண்டும் பெத்லகேமில் வெளிக்கொண்டாட்டம் இல்லையென்றும், 2025 டிசம்பரிலேயே அங்கு மீண்டும் மரத்திற்கு விளக்கேற்றினர் என்றும் கூறினோம். பெரியவர் மூக்குக்கண்ணாடியை உயர்த்திப் படத்தை நெடுநேரம் நோக்கினார். பின்னர், 'பெத்லகேம்ல நம்மாளுக இன்னும் இருக்காங்களா?' என்று கேட்டார். எழுபது ஆண்டு அவ்வூரைப் பற்றிப் பாடியவர் கேட்ட கேள்வி அது. நகைப்பதற்குரியதன்று, சொற்போரிற் பரிசு பெற்றபோது யாமும் அதனை அறிந்திருந்தோமில்லை.

காணிக்கையைக் குறித்து அவர் மீண்டும் ஒன்றும் கூறவில்லை. ஆமென்றும் கூறவில்லை, வேண்டாமென்றும் கூறவில்லை. பவனி முடிந்த இரவில் பொருளாளர் பெட்டியை எண்ணியபோது அருகில் வந்து, ஒரு பங்கு தனியே வைக்கப்படுவதைப் பார்த்துக்கொண்டே நின்று, வீடு சென்றார். எம்மோடு அவர் இன்னும் முன்போல் பேசுவதில்லை. அதுவும் யாம் ஏற்கவேண்டிய இழப்புகளுள் ஒன்றென எண்ணுகின்றோம். ஒருநாள் நாமே அவர் வீட்டுத் திண்ணையில் சென்று அமர்வோம்.

எம்மூரில் அந்நாள் வேலைநிறுத்தம் முடிந்த காலையும் எமக்கு நினைவுண்டு. கேட்ட கூலி முழுவதும் கிட்டவில்லை. ஒரு பகுதியே கிட்டிற்று. விடியுமுன் எந்தையார் சென்றார். யாம் பாயிற் கிடந்தவாறே காத்திருந்தோம். முதலில் எங்கோ ஒரு சுத்தியல், பின் மற்றொன்று, பின்னர்ச் சாலையின் இருபுறமும் ஓசை எழுந்து பரவிற்று. அதுகாறும் யாம் பொருட்படுத்தாத அவ்வோசையை அன்றுதான் செவிகொடுத்துக் கேட்டோம். ஒவ்வோர் அடியும் ஒரு மனிதர் கையிலிருந்து வருகின்றது என்பதும், அவர் விரும்பினால் அதனை நிறுத்தக்கூடும் என்பதும் அன்றே எமக்குத் தெரிந்தன. தென்னாப்பிரிக்காவின் மீதான பண்பாட்டுப் பகிஷ்காரத்தை ஐக்கிய நாடுகளின் பொதுச்சபை 1991 டிசம்பரில் நீக்கிய பின்னர், உலக இசைவாணர்க்கு அந்நாட்டு மேடைகள் திறந்தன. மறுத்தவர் மகிழ்ந்து சென்று பாடினர். மறுப்பின் முடிவு மீண்டும் பாடுதலே.

காசாவின் கூடாரங்களிற் பயிலும் சிறார் கூரையுடைய பள்ளியில் அமர்ந்து பாடும் நாளும், அவ்வெல்லைக்கு இருபுறமும் உள்ள தாய்மார் அச்சமின்றித் தம் மக்களைத் தாலாட்டும் நாளும் விரைவில் வருக. மரக்கிளைகளிற் தொங்கும் கின்னரங்களெல்லாம் அந்நாளில் இறக்கப்படுக. அதற்கென ஆங்காங்குச் சிறிது இழக்கவும் சிறிது ஈயவும் மனவலி தருமாறு, அமைதியின் பிரபுவாய்ப் பெத்லகேமில் வந்துதித்த எம்பெருமான் திருவடிகளை இறைஞ்சுகின்றோம்.